காஷ்மீர் டூ கன்னியாகுமரி: நண்பருடன் 3,700 கி.மீ. சைக்கிள் பயணம், கிளம்பும் முன் என்னவெல்லாம் பேசி முடிவு பண்ணணும்?

செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் ஸ்ரீநகர் லால் சௌக் மணிக்கூண்டு முன்னால் சைக்கிளோடு நின்று போட்டோ எடுக்கும் இளைஞர்களை இன்ஸ்டாகிராமில் பார்க்கலாம். பின்னால் மூட்டை கட்டிய இரண்டு சைக்கிள், இரண்டு பேர், அட்டையில் 'கே டூ கே' என்று ஒரு வாசகம். காஷ்மீரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் இந்தப் பயணம், இந்தியாவில் சைக்கிள் ஓட்டுபவர்கள் பலருக்கும் ஒரு கனவு.

"நாமளும் போலாமா மச்சி?" என்று ஒருவர் கேட்பதும், "போலாம்டா" என்று இன்னொருவர் சொல்வதும் ஒரு டீக்கடையில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஒன்றரை மாதம்தான் விஷயம். பாதை எப்படி, எப்போது கிளம்புவது, ரோட்டில் என்ன ஆபத்து, எல்லாவற்றுக்கும் மேல், கூட வரும் நண்பரோடு கடைசி வரை எப்படிப் போவது என்பதைப் பார்க்கலாம்.

எந்தப் பாதை?

பெரும்பாலானவர்கள் பிடிப்பது தேசிய நெடுஞ்சாலை 44. நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை இதுதான். 2010இல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, பழைய ஏழு நெடுஞ்சாலைகளின் பகுதிகளைச் சேர்த்து இதை உருவாக்கினார்கள். நம்ம ஊரில் 'என்.எச்.7' என்று சொல்லிப் பழகிய ரோடும் அதில் அடக்கம். ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரிக்கு சுமார் 3,700 கி.மீ.

ஜம்மு, ஜலந்தர், லூதியானா, பானிபட், டெல்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், அனந்தபூர், பெங்களூரு என்று வந்து ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பிறகு கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி, நெல்லை. வழியில் சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்ரா, காவிரி, தாமிரபரணி என ஆறுகளை வரிசையாகக் கடக்கலாம். பாடப் புத்தகத்தில் படித்த இந்திய வரைபடம் கால் வலியோடு மனப்பாடம் ஆவது இப்படித்தான்.

"மேலேர்ந்து கீழே வர்றதுதானே, இறக்கமாத்தான் இருக்கும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அது சுவரில் மாட்டிய வரைபடம் செய்யும் மாயம். ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த இறக்கம் ஜம்முவோடு ஏறக்குறைய முடிந்துவிடும், அதற்குள்ளேயே பெரிய ஏற்றங்களும் வரும். டெல்லி 200 மீட்டருக்குச் சற்று மேலே, பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே. ஆக, டெல்லியில் இருந்து 'கீழே' பெங்களூருக்கு வருபவர் உண்மையில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்!

எத்தனை நாள் ஆகும்?

2021இல் காஷ்மீரைச் சேர்ந்த ஆதில் தேலி, ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரிக்கு 8 நாள் 1 மணி 37 நிமிடத்தில் வந்து கின்னஸ் சாதனை படைத்தார். ஒரு நாளைக்குச் சராசரியாக 450 கி.மீ. அளவுக்கு ஓட்டியிருக்கிறார். அந்த மாதிரி சாதனைகளுக்குப் பின்னால் கூடவே கார் வரும். சாப்பாடு கொடுக்க, சைக்கிளைச் சரிபார்க்க, தூக்கத்தைக் கணக்குப் பண்ண ஒரு குழுவே இருக்கும்.

மூட்டையோடு போகும் சாதாரண ஆட்களுக்கு ஒரு நாளைக்கு 90 கி.மீ. நல்ல அளவு. அந்தக் கணக்கில் 41 நாள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு சேர்த்தால் 47 நாள். ஆபீஸில் ஒரு மாத லீவு போட்டுவிட்டு இதில் இறங்குபவர்கள், முதல் வாரத்தில் இருந்தே நாளை எண்ணிக்கொண்டு ஓட்டுவார்கள். அவசரத்தில் சூரியன் மறைந்த பிறகும் ஓட்டுவார்கள். அதுதான் இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய ஆபத்தான காரியம். லீவு குறைவு என்றால் பாதியை மட்டும் ஓட்டுங்கள். நாக்பூரில் இருந்து கன்னியாகுமரி வரை வந்தாலும் அது பெரிய பயணம்தான்.

எப்போ கிளம்பணும்?

எல்லா ஊருக்கும் நல்ல வானிலை தரும் தேதி என்று ஒன்று கிடையாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

குளிர்காலத்தில் ஜம்மு–ஸ்ரீநகர் சாலை பனியால் அடிக்கடி மூடப்படும். மழை பெய்தால் ராம்பன், பனிஹால் பகுதியில் நிலச்சரிவு. டிசம்பர், ஜனவரியில் பஞ்சாபில் இருந்து ஆக்ரா தாண்டும் வரை மூடுபனி. பத்தடி தூரத்தில் வரும் லாரி தெரியாது. மார்ச் இறுதியில் கிளம்பினால் மத்தியப் பிரதேசத்துக்கும் தெலங்கானாவுக்கும் சரியாக ஏப்ரல், மே வெயிலில் வந்து சேர்வீர்கள். அதுக்கு அடுப்பில் உட்காரலாம்.

அதனால் செப்டம்பர் கடைசியில் கிளம்புவதுதான் பலரும் தேர்வு செய்யும் வழி. காஷ்மீரில் வானம் தெளிந்திருக்கும், வட இந்தியாவில் பருவமழை விலகிக்கொண்டிருக்கும், மூடுபனி தொடங்கும் முன் டெல்லியைத் தாண்டிவிடலாம். அதற்குக் கொடுக்கும் விலை, தமிழ்நாட்டில் நனைவது. நீங்கள் ஓசூர் வரும்போது வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்திருக்கும். ஆனால் சொந்த ஊர் மழை, சொந்த மொழி, சமாளிக்கலாம்.

முதல் 300 கி.மீ. தனிக் கதை

ஜம்மு–காஷ்மீரில் மற்ற மாநிலங்களின் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். இது தெரியாமல் போய் இறங்கி, வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் இன்றும் உண்டு. இரண்டு பேரில் ஒருவராவது போஸ்ட்பெய்டு எண் வைத்திருக்க வேண்டும்.

அங்கே போக்குவரத்து போலீஸ் தினமும் ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது. எந்தப் பக்க வண்டிகளை எந்த நேரம் அனுமதிப்பார்கள், சாலை திறந்திருக்கிறதா என்பது அதில் இருக்கும். முந்தின நாள் இரவே பார்த்துவிட வேண்டும். ராணுவ வாகன வரிசை வந்தால் ஓரமாக இறங்கி நின்றுவிடுவது நல்லது.

இந்தச் சாலையில் இரண்டு நீளமான சுரங்கங்கள் இருக்கின்றன. காசிகுண்ட்–பனிஹால் சுரங்கம் சுமார் 8.5 கி.மீ. 2017இல் திறக்கப்பட்ட செனானி–நாஷ்ரி சுரங்கம் சுமார் 9 கி.மீ.; இது பத்னிடாப் மலையைச் சுற்றும் பாதையில் சுமார் 30 கி.மீ. தூரத்தை மிச்சப்படுத்துகிறது. காருக்கு வரம். சைக்கிளுக்கு? இருட்டு, புகை, பின்னால் லாரிச் சத்தம். சுரங்கத்துக்குள் சைக்கிளில் போகலாம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பத்னிடாப் வழியே பழைய மலைப்பாதையில் ஏறுவது ஒரு வழி. சைக்கிளைச் சுமை வண்டியில் ஏற்றிச் சுரங்கத்தைத் தாண்டுவது இன்னொரு வழி. "முழுசும் மிதிச்சே வந்தேன்னு சொல்ல முடியாதே" என்று யோசிப்பவர்கள் மலைப்பாதைக்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளட்டும்.

நண்பர்: பலமும் அவர்தான், பிரச்சனையும் அவர்தான்

1923 அக்டோபரில் பம்பாயில் இருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். சுமார் 71,000 கி.மீ. ஓட்டி 1928 மார்ச்சில் பம்பாய்க்குத் திரும்பியபோது மூன்று பேர்தான் இருந்தார்கள்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா. ஒருவர் டெஹ்ரானில் இருந்தே ஊருக்குத் திரும்பிவிட்டார். இன்னொருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். மற்றொருவர் அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒன்றாகத் தொடங்கியவர்கள் எல்லோரும் ஒன்றாக முடிப்பதில்லை. அதில் யாரையும் குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

இரண்டு பேர் பயணத்தில் முதலில் உரசல் வருவது வேகத்தில். ஒருவர் மணிக்கு 22 கி.மீ., மற்றவர் 18 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கேட்க சின்ன வித்தியாசம். 90 கி.மீ. முடிக்க வேகமானவருக்கு 4 மணி 5 நிமிடம், மற்றவருக்கு 5 மணி நேரம். ஒரு நாளைக்கு 55 நிமிட இடைவெளி.

"சரி, 10 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்னு வெயிட் பண்றேன்" என்பார் வேகமானவர். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். அவர் ஒவ்வொரு முறையும் ஆறு நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். பின்னால் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா, கிளம்பலாமா?" என்பார். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்படுபவருக்குக் கிடைப்பதில்லை. மூன்று நாள் இப்படிப் போனால் நான்காம் நாள் சண்டை நிச்சயம். வேகமானவருக்கு அது ஏன் என்றே புரியாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போய் வேகத்தைத் தீர்மானிப்பது. இன்னொன்று, காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது, இரண்டாவது ஆள் வந்த பிறகுதான் ஓய்வு நேரம் ஆரம்பிக்கும் என்று முதல் நாளே ஒப்புக்கொள்வது. மலை ஏற்றத்தில் மட்டும் அவரவர் வேகத்தில் போய் உச்சியில் சேர்வது நல்லது. ஏற்றத்தில் அடுத்தவர் வேகத்துக்கு ஓட்டினால் இரண்டு பேருக்குமே முழங்கால் போகும்.

மூட்டையின் எடையை மாற்றிப் பிரிப்பதும் நல்ல தீர்வு. டூல்ஸ், பம்ப், உதிரி டயர் எல்லாம் வேகமானவர் பையில் போகட்டும். இருவர் போவதன் பெரிய லாபமே இதுதான். ஒரு பம்ப், ஒரு செயின் கழற்றும் கருவி, ஒரு முதலுதவிப் பை போதும், லாட்ஜ் அறை வாடகையும் பாதி. எதிர்காற்று அடிக்கும்போது ஒருவர் முன்னால் போனால், பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்றின் தடை கணிசமாகக் குறையும். பத்துப் பத்து நிமிடமாக மாறி மாறி முன்னால் போகலாம். ஆனால் முன் சைக்கிளின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் உரசும் அளவுக்கு நெருங்க வேண்டாம். உரசினால் விழுவது பின்னால் வருபவர், விழும் இடம் நெடுஞ்சாலை.

அடுத்து காசு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால்கூட 47 நாளுக்கு 47,000 ரூபாய். ரயில், சைக்கிள் பார்சல், ரிப்பேர் தனி. வாரத்தின் முதல் நாள் இருவரும் ஒரே தொகையைப் பொதுவில் போட்டு, சாப்பாடும் தங்கலும் அதிலிருந்து செலவு செய்வது நல்லது. "நேத்து நான் குடுத்தேன், இன்னைக்கு நீ குடு" என்ற கணக்கு பத்தாம் நாள் கசக்க ஆரம்பிக்கும்.

மிக முக்கியமான பேச்சு இன்னொன்று. ஒருவருக்கு முடியாமல் போனால்? காய்ச்சல், முழங்கால் வலி, வீட்டில் ஏதாவது, அல்லது வெறுமனே "போதும்டா" என்று தோன்றிவிட்டால்? மற்றவர் தொடரலாமா, கூடவே திரும்ப வேண்டுமா? இதை லக்னாடோன் ரோட்டோரத்தில் கோபத்தில் பேசக் கூடாது. கிளம்பும் முன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேச வேண்டும். தொடர்வது துரோகம் இல்லை, நிறுத்துவது தோல்வி இல்லை என்று இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். பயணத்தின் நடுவே கோபித்துக்கொண்டு தனித்தனியாகத் திரும்பியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதைத்தான் பேசாமல் விட்டிருப்பார்கள்.

இன்னும் ஒன்று: பாதுகாப்பு விஷயத்தில் ஓட்டெடுப்பு வேண்டாம். "இன்னும் 20 கிலோமீட்டர்தான், போயிடலாம்" என்று ஒருவரும், "இருட்டிடுச்சு, வேணாம்" என்று மற்றவரும் சொன்னால், வேண்டாம் என்பவர் சொல்வதுதான் முடிவு. விவாதமே கிடையாது. தினமும் ரீல்ஸ் போடுபவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஃபாலோயர்களுக்குச் சொன்ன ஊரை எட்டியே ஆக வேண்டும் என்ற அழுத்தம் இருட்டில் ஓட்ட வைக்கும்.

ரோட்டில் என்ன ஆபத்து?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 36 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் இந்தப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டும்.

வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம், ஒருவர் பின் ஒருவர். பேசிக்கொண்டே பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுவது வேண்டாம். பேச டீக்கடை இருக்கிறது. மூன்று இடங்களில் கூடுதல் கவனம் தேவை.

ஓரத்தில் நிற்கும் லாரியைத் தாண்ட நீங்கள் வலப்பக்கம் ஏறும் நொடிதான் மோசமானது. ஏறும் முன் திரும்பிப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரில் சின்னக் கண்ணாடி பொருத்துவது இதற்காகத்தான். அடுத்தது, மேம்பாலம் தொடங்கும் இடம். சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் வண்டிகள் உங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சர்வீஸ் ரோடு இருந்தால் நீங்களும் அதில் இறங்கிவிடுவது நல்லது. நகரங்களில் சில உயர்மட்டச் சாலைகளில் இருசக்கர வாகனத்துக்கே அனுமதி கிடையாது. மூன்றாவது, எதிர்த்திசையில் ஓரமாகவே வரும் டிராக்டரும் பைக்கும்.

நம்ம மாநிலத்தில் தொப்பூர் கணவாயை மறக்காதீர்கள். தர்மபுரியில் இருந்து சேலம் வரும்போது அது இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் நிற்கும் வண்டிகள் மீது மோதிய விபத்துகள் அங்கே பலமுறை நடந்திருக்கின்றன. இறக்கம் என்ற குஷியில் பறக்காமல், காலை வெளிச்சத்தில், பின்னால் பார்த்துக்கொண்டே இறங்குங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் சியோனிக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் புலிகள் காப்பகக் காடு வரும். விலங்குகள் கீழே கடந்து போக அங்கே நெடுஞ்சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். புலிகள் அந்த வழியைப் பயன்படுத்துவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதிகாலை, அந்தி நேரத்தில் அங்கே சைக்கிள் வேண்டாம். சாப்பிட உட்காருவதும் ஊருக்குள்தான்.

புலியைவிட நாய் துரத்துவது நிச்சயம். மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் இன்னும் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட வேண்டும். ரேபிஸ் வந்தபின் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அடுத்த ஊசித் தேதிகளுக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்று பார்த்து, அங்கே போட்டுக்கொள்ளலாம். "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்பவரை மருத்துவமனைக்கு இழுத்துப் போவது நண்பரின் வேலை.

அவசர உதவிக்கு 112, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இருவர் போனிலும் இருக்கட்டும்.

எந்த சைக்கிள்? உடம்புக்கு என்ன?

லட்ச ரூபாய் சைக்கிள் தேவையில்லை. பின்னால் கேரியர் தாங்கும் உறுதியான ஃபிரேம், 32 முதல் 38 மி.மீ. அகல டயர், ஏற்றத்துக்கு லேசான கியர் இருந்தால் போதும். டியூப் வாங்கும்போது பைக்குக்கு இருப்பது போன்ற வால்வு உள்ளதாக வாங்குங்கள். ரேஸ் சைக்கிள்களில் வரும் மெல்லிய வால்வுக்கு ரோட்டோர பஞ்சர் கடையில் காற்று ஏறாது. நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சருக்குப் பெரிய காரணம் ஆணி அல்ல. வெடித்த லாரி டயர்களில் இருந்து சிதறும் முடி போன்ற இரும்புக் கம்பிகள். டியூபை மாற்றும்போது டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்க்காவிட்டால் அதே கம்பி புது டியூபையும் குத்தும்.

சீட் உயரம் தவறாக இருந்தால் முதல் வாரத்திலேயே முழங்கால் சொல்லிவிடும். பெடல் கீழே இருக்கும்போது கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்க வேண்டும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகும். சொல்ல வெட்கப்பட்டு, பாதியில் பயணத்தை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

90 கி.மீ. ஓட்டினால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சுமார் 2,000 கிலோகலோரி கூடுதலாகத் தேவைப்படும். தாபா ரொட்டியும் பருப்பும், தெற்கே வந்தால் இட்லியும் சாதமும் தாராளமாகச் சாப்பிடலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசலும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அன்று தண்ணீர் போதவில்லை.

சைக்கிளை எப்படி அனுப்புவது, எப்படிக் கொண்டுவருவது?

கன்னியாகுமரியில் இருந்து கத்ராவுக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது. மூன்று நாள் பயணம். கத்ராவில் இருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ரயில் ஓடுகிறது. சைக்கிளை அங்கே கொண்டுசேர்ப்பதற்கு எந்த ரயிலில் பார்சல் எடுப்பார்கள் என்பதை மட்டும் முன்பே பார்சல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும் கவலை நம்ம ஊர்க்காரர்களுக்குக் குறைவு. நெல்லையைத் தாண்டி காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தால் கடல் பக்கத்தில்தான். கன்னியாகுமரி ஸ்டேஷனிலேயே சைக்கிளைப் பார்சலில் போடலாம். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் இருக்கும் பக்கத்தில் அட்டை வைத்துக் கட்டி, பெயரும் போன் நம்பரும் இரண்டு இடத்தில் எழுதி ஒட்டுங்கள். ரசீதை இருவரும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் அடுத்த ரயிலில்கூட வரலாம், அதனால் போன கையோடு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.